டக்கர் ஹோலிஸ் பனித்தளம்

கர்ட்டிஸ் சோல்பெர்க்கை உங்களுக்குத் தெரியாது. வருத்தப்பட வேண்டாம், எங்கள் ஊர்க்காரர்களுக்கே தெரியாது. ஐஸ் ஹாக்கியில் இன்று ஆடுகிறவர்களில் அவனளவுக்குக் கோல் போட்டவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். எங்கள் ஹெரன்ஸ் அணிக்கு அவன்தான் கேப்டன். ஊருக்கு வந்த ஒரே பெரிய கோப்பையும் அவன் தலைமையில் வந்ததுதான். அப்பேர்ப்பட்டவன் சூப்பர் மார்க்கெட் வரிசையில் தள்ளுவண்டியோடு நின்றால், பின்னால் நிற்பவர், "கொஞ்சம் தள்ளி நில்லுப்பா, சோள மாவு எடுக்கணும்" என்பார். அவனும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தள்ளி நிற்பான்.

என் பெயர் டார்லீன் மேப்ரி. ஹெரன்ஸ் அணியின் விளம்பரப் பொறுப்பு என்னுடையது. இந்த மனிதர்களின் பெயர்களை ஊர் வாயில் ஏற்றி வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். நான் அலபாமாக்காரி, பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். தண்ணீர் தானாக உறைந்து பார்த்தறியாத ஊரில் இந்த வேலை. வீட்டுக்குள் நுழைந்ததும் என் கணவர், "என்ன டார்லீன், ஜூலை மாசத்துல கம்பளி விக்கப் போனியே, இன்னைக்காவது போணி ஆச்சா?" என்று கேட்பார்.

ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆடும்போது தலையில் கவசம், கண்ணுக்கு முன்னால் கண்ணாடித் தகடு. ஒருவன் ஒரு நிமிடம்கூட ஐஸில் நிற்பதில்லை. முகம் எது என்று பார்ப்பதற்குள் தடுப்புச் சுவரைத் தாண்டி உள்ளே குதித்துவிடுகிறான், வேறொருவன் வெளியே வருகிறான். பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு போகும் வேகத்தில் அதை அடித்தது யார் என்று அடித்தவனுக்கே சந்தேகம். இதெல்லாம் ஆட்டத்தின் குற்றம், அதை மன்னிக்கலாம். ஆட்டக்காரர்களின் குற்றம்தான் என் வயிற்றெரிச்சல்.

தாடியை எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பைக்கான கடைசிச் சுற்றுகள் தொடங்கிவிட்டால், தோற்கும்வரை அல்லது கோப்பையை வெல்லும்வரை ஒருவரும் சவரம் செய்ய மாட்டார்கள். இரண்டு மாதம் ஓடும். ஹாக்கி பார்க்காத ஜனங்களும் டி.வி. முன்னால் உட்காருவது அந்த இரண்டு மாதம்தான். நாங்கள் கோப்பை வென்றபோது ஊர்வலத்தில் நின்ற கூட்டம் முழுக்கக் கையசைத்தது தாடிகளுக்கு. மறுநாள் காலை நாவிதரை வரவழைத்து எல்லோரும் வழவழவென்று ஆகிவிட்டார்கள். "ஒரே ஒரு வாரம் வச்சிருங்க கண்ணுகளா, பேட்டி எல்லாம் பேசி வச்சிருக்கேன்" என்று கெஞ்சினேன். "அது வழக்கம் இல்லையே, மிஸ் டார்லீன்" என்றான் கர்ட்டிஸ். கல்யாணமானவளுக்கும் எங்கள் பக்கம் மரியாதைக்கு மிஸ்தான். அன்று மதியம் டி.வி. நிலைய வாசலில் காவலாளி அவனை உள்ளே விடவில்லை. அவனும் சண்டை போடாமல் திரும்பி வந்துவிட்டான்.

இன்னொரு வழக்கம் இருக்கிறது. உடை மாற்றும் அறைச் சட்டம் அது. பேட்டியில் 'நான்' என்று பேசியவன், அல்லது பத்திரிகையில் தன் பெயர் மட்டும் தனியே வரும்படி நடந்துகொண்டவன், அடுத்த வெளியூர்ப் பயணத்தில் அணி முழுவதன் பைகளையும் தூக்க வேண்டும். ஃபின்லாந்திலிருந்து புதிதாக வந்த ஒருவன், "நான் இடைவெளியைப் பார்த்தேன், அடித்தேன்" என்று மைக்கில் உண்மையைச் சொல்லிவிட்டு, சிகாகோவில் முதுகு ஒடியப் பை தூக்கினான். அதற்குப் பிறகு அவன் வாயில் 'நான்' வந்ததே இல்லை. இந்தச் சட்டத்தை விடாமல் காத்து வருகிறவன் கர்ட்டிஸ்தான். ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டுவிட்டு மைக் முன்னால் வந்து நின்று, "பசங்க நல்லா உழைச்சாங்க. வட்டு நம்ம பக்கம் உருண்டுச்சு" என்பான். இதை எடுத்துக்கொண்டு போய் எந்தப் பத்திரிகை ஆசிரியர் மேசையில் வைப்பேன்?

போன இலையுதிர் காலத்தில் மில் தெரு பனித்தளத்தை, அதாவது எங்கள் வாயில் ரிங்க்கை, மூடப் போவதாக நகர்மன்றத்திலிருந்து அறிவிப்பு வந்தது. பொதுமக்களுக்கான ஐஸ் எங்கள் ஊரில் அது ஒன்றுதான். அதை இடித்துவிட்டு பிக்கிள்பால் களம் போடப் போகிறார்களாம். ஓய்வு பெற்றவர்கள் கையகல மட்டையால் பிளாஸ்டிக் பந்தைத் தட்டிக்கொண்டு ஊர் வம்பு பேசும் ஆட்டம் அது. அவர்களுக்கு ஓட்டு அதிகம்.

ஹெரன்ஸுக்குத் தனியாகப் பெரிய அரங்கம் உண்டு, எங்களுக்கு நஷ்டமில்லை. நஷ்டம் கர்ட்டிஸின் தம்பி நீல்ஸுக்கு. முழங்காலுக்கு மேலே இரண்டு கால்களையும் ஆப்கானிஸ்தான் போரில் இழந்துவிட்டு வந்தவன். ஊர் திரும்பி இரண்டு வருடம் அறையை விட்டு வெளியே வரவில்லை. அவன் அறைக் கதவுக்கு வெளியே கர்ட்டிஸ் தரையில் படுத்துத் தூங்கிய இரவுகள் உண்டு. ஏன் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீல்ஸை வெளியே கொண்டுவந்தது மில் தெருதான். அங்கே வியாழக்கிழமை காலைகளில், அடியில் கத்தி பொருத்திய சறுக்குப் பலகையில் உட்கார்ந்து, இரு கையிலும் குட்டை மட்டைகளோடு, அவனைப் போலவே கால் இழந்தவர்கள் ஹாக்கி ஆடுகிறார்கள். பலகையோடு நேரே ஐஸில் இறங்கும்படி படியில்லாத வாசல் இருப்பது அங்கே மட்டும்தான். அதை விட்டால் அட்லாண்டாவையும் தாண்டிப் போக வேண்டும்.

நகர்மன்றக் கூட்டத்துக்கு முந்தின நாள் கர்ட்டிஸ் வீட்டுக்குப் போனேன். அண்ணனும் தம்பியும் சமையலறையில் உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மினசோட்டாக்காரர்கள். எதைக் கொடுத்தாலும் அடுப்பில் வைத்து மேலே உருளைக்கிழங்கை அடுக்கிவிடுவார்கள்.

"நாளைக்கு நீ பேசணும் கண்ணு" என்றேன். "உன் பேரைச் சொல்லு, கோப்பையைச் சொல்லு. வேற எதுவும் வேண்டாம்."

"என் பேரைச் சொல்லி என்ன ஆகப்போகுது, மிஸ் டார்லீன்? பசங்க எல்லாரையும் கூட்டிட்டு வர்றேனே."

"வரட்டும். எல்லாரையும் ஜெர்சி போட்டுட்டு வரச் சொல்லு."

கர்ட்டிஸ் கரண்டியைக் கீழே வைத்தான். "ஜெர்சியா? ஐஸுக்கு வெளியிலயா?"

"ஊரே சர்ச்சுக்கு ஃபுட்பால் ஜெர்சியில போகுதுடா!"

"அவனை ஜட்டியோட வரச் சொல்லுங்க மிஸ் டார்லீன், வந்துருவான்" என்றான் நீல்ஸ். "ஜெர்சியோட வரவே மாட்டான்."

நான் நீல்ஸ் பக்கம் திரும்பினேன். "நீயே பேசேன். ரெண்டே நிமிஷத்துல கூடமே அழுதுரும்."

"அதுக்காகத்தான் பேச மாட்டேன்." அவன் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "என் காலைக் காட்டி எனக்கு ஐஸ் வேண்டாம். எவனாவது என் காலைப் பத்தி வாயத் தொறந்தா, அண்ணனா இருந்தாலும் சரி, அப்பவே வண்டிய உருட்டிட்டு வெளிய போயிடுவேன். நாங்க ஹாக்கி ஆடறவங்க. ஹாக்கிக்குக் குடுத்தா குடுக்கட்டும்."

ஆக, கையில் இருந்த ஒரே சீட்டு கர்ட்டிஸின் பெயர்.

"எங்க, சொல்லு பாப்போம்" என்றேன். "நான் கர்ட்டிஸ் சோல்பெர்க்."

"நாங்க வந்து..."

"நாங்க இல்ல. நான்."

அவன் காது சிவந்தது. நீல்ஸ் மேசையைத் தட்டிச் சிரித்தான். "பை தூக்கணுமேன்னு பயப்படுறான்!"

"நான்," என்றான் கர்ட்டிஸ், கசப்பு மருந்தை விழுங்குகிறவன் முகத்தோடு, "கர்ட்டிஸ் சோல்பெர்க். ஹெரன்ஸ் கேப்டன். இந்த ஊருக்குக் கோப்பை கொண்டு வந்தவன். இந்த ரிங்க்க மூடாதீங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை வருடமாக இதற்குக் காத்திருந்தேன்! போதும், ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் நகர்மன்றக் கூடத்தின் முன்பாதி முழுக்க பிக்கிள்பால் ஆட்கள். எல்லோரும் ஒரே மாதிரி பச்சைச் சட்டை. வாசல் கதவு திறந்து எங்கள் பையன்கள் வந்தார்கள். ஆட்ட நாளில் அரங்கத்துக்குள் நுழையும்போது கோட்டு சூட்டில்தான் நுழைய வேண்டும் என்பது ஹாக்கிக்காரர்களின் இன்னொரு வழக்கம். இதுவும் முக்கியமான ஆட்டம் என்று அவர்களாக முடிவு கட்டிவிட்டார்கள். கறுப்பு சூட்டு, கறுப்பு டை, சிலருக்கு முன்பல் இல்லை. சத்தம் போடாமல் பின்சுவரோரம் வரிசையாக நின்றார்கள். எனக்கு முன்னால் இருந்த பச்சைச் சட்டை அம்மாள் பக்கத்தவளிடம், "யாரு செத்துட்டாங்க?" என்று கிசுகிசுத்தாள்.

கடைசியாக நீல்ஸின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு டக்கர் ஹோலிஸ் வந்தான். கர்ட்டிஸின் பக்கத்து வீட்டுப் பையன். அவனுடைய பிக்கப் வண்டியில்தான் நாற்காலி ஏறும். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, அவித்த வேர்க்கடலைப் பையோடு மூலையில் உட்கார்ந்துவிட்டான்.

கர்ட்டிஸை அழைத்தார்கள். நகர்மன்றத் தலைவி திருமதி கிரென்ஷா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பேரு, முகவரி சொல்லுங்க."

"கர்ட்டிஸ் சோல்பெர்க். ஓக்ரிட்ஜ் தெரு."

கூடத்தில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

"ரிங்க்குக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?"

இதோ வந்துவிட்டது என்று நாற்காலி நுனிக்கு வந்தேன். கர்ட்டிஸ் வாயைத் திறந்தான். பின்சுவரோரம் நின்ற தன் ஆட்களை ஒருமுறை பார்த்தான். அவர்கள் அவனைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று.

"நாங்க கொஞ்சப் பேரு அங்க ஹாக்கி ஆடுவோம், மேடம்" என்றான். "நல்ல பசங்க நிறையப் பேரு வர்றாங்க. ஐஸ் அருமையா இருக்கும். அதை லீராய்னு ஒருத்தர் பாத்துக்கறாரு. பேரு கிடைக்கணும்னா அவருக்குத்தான் கிடைக்கணும். மூடாம இருந்தா எல்லாருக்கும் நல்லது. அவ்வளவுதான். நன்றி."

மூன்று நிமிடம் கொடுத்திருந்தார்கள். ஒருமுறை ஐஸில் நிற்கும் நேரத்தைவிடக் குறைவாக எடுத்துக்கொண்டு அவன் வந்து உட்கார்ந்துவிட்டான்.

"பின்னாடி சூட்டோட நிக்கிறவங்க எந்த வக்கீல் ஆபீஸ்?" என்று கேட்டார் கிரென்ஷா. நான் எழுந்து, "மேடம், இப்பப் பேசினது யாருன்னா..." என்று ஆரம்பித்தேன். "பேர் பதிஞ்சவங்க மட்டும்தான் பேசலாம், உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். நீல்ஸ் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். கர்ட்டிஸ் தம்பியைப் பார்க்க மாட்டாமல் தரையைப் பார்த்தான். அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. அவனுக்காக அழ வேண்டும் போலவும் இருந்தது.

அப்போது பச்சைச் சட்டை ஒன்று திரும்பிப் பார்த்து, "ஐயோ, அது நம்ம டக்கர் ஹோலிஸ் இல்ல?" என்றது.

டக்கரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஃபுட்பால் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம், உதைப்பதற்குத் தனி ஆள். பக்கத்துப் பல்கலைக்கழக அணியில் அப்படி உதைப்பதற்கென்றே உள்ள ஆட்களில் அவன் மூன்றாமவன். பெஞ்சிலேயே நாலு வருடம் உட்கார்ந்திருந்தான். பரம எதிரியோடு ஆடிய ஒரு மழை நாளில் முதலாமவனுக்குத் தொடை பிடித்துக்கொண்டது, இரண்டாமவனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. வேறு வழியில்லாமல் டக்கரை அனுப்பினார்கள். அவன் உதைத்த பந்து கம்பத்தில் பட்டு, போகலாமா வேண்டாமா என்று யோசித்து, உள்பக்கமாக விழுந்தது, ஆட்டமும் எங்கள் பக்கம் விழுந்தது. அவன் வாழ்க்கையில் உதைத்தது அந்த ஒரு தரம்தான். அந்த வருடம் பிறந்த குழந்தைகளில் பாதிக்கு டக்கர் என்று பெயர். இப்போது டி.வி.யில் மெத்தை விற்கிறான்.

கூடமே எழுந்து நின்றது. செல்போன்கள் உயர்ந்தன. கிரென்ஷா கண்ணாடியைக் கழற்றினார். "டக்கர், கண்ணு! நீ எங்கப்பா இங்க? ரிங்க்கப் பத்தி நீ என்ன நினைக்கிற?"

அவன் பேர் பதியவில்லை. அதை ஒருவரும் கேட்கவில்லை.

டக்கர் வாயிலிருந்த கடலையை அவசரமாக விழுங்கினான். "நான் சும்மா வண்டி ஓட்டிட்டு வந்தேன், மேடம். பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த ஐஸ் வேணுமாம். நல்ல மனுஷன். இருந்துட்டுப் போகட்டுமே, மேடம்?"

வாக்கெடுப்பு நடந்தது. பச்சைச் சட்டைக்காரர்களே கைதட்டினார்கள். எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. அதோடு விட்டார்களா? ரிங்க்குக்கு டக்கர் ஹோலிஸ் பனித்தளம் என்று பெயர் வைக்கலாம் என்று ஒரு உறுப்பினர் முன்மொழிந்தார்.

டக்கர் பதறினான். "ஐயோ வேண்டாம், மேடம்! நான் ஸ்கேட் மாட்டினதே இல்ல!"

"பாத்தீங்களா, எவ்வளவு அடக்கம்!" என்றார் கிரென்ஷா. மறுபடியும் கைதட்டல்.

அடக்கத்துக்கும் முதலில் முகம் தெரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் முன்னால் அதே இடத்தில் நின்று அதைவிட அடக்கமாகப் பேசியவனை இவர்கள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நீல்ஸ் அண்ணனின் கோட்டுக் கையைக் கொத்தாகப் பிடித்து முகத்தை அதில் புதைத்துக்கொண்டிருந்தான். கர்ட்டிஸ் மற்றக் கையால் அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

வண்டி நிறுத்துமிடத்தில் மூடவில்லை. "ஒரே வார்த்தை! நேத்து சொன்ன அதே வார்த்தை! ஏன்டா சொல்லல?"

"ஐஸ் கிடைச்சிருச்சே, மிஸ் டார்லீன்."

"அவன் வராம இருந்திருந்தா?"

கர்ட்டிஸ் கழுத்து டையைத் தளர்த்தினான். "சொல்லத்தான் நினைச்சேன்" என்றான். "வாய் வரல."

டக்கர் கண்ணில் நீரோடு நின்றான். "நாளைக்கே போயி பேரை மாத்தச் சொல்றேன் சார். இது நியாயமே இல்ல."

"மாத்தினா மறுபடி ஓட்டுக்கு விடுவாங்க" என்றான் கர்ட்டிஸ். "நீயே வச்சுக்கோ. நல்ல பேருதான்."

"வியாழக்கிழமை வாடா டக்கர்" என்றான் நீல்ஸ். "என் பலகையில உக்காத்தி வச்சு உன்னை ஐஸ்ல நாலு உருட்டு உருட்டறேன். அப்பதான் எனக்கு ஆறும்."

வசந்த காலத்தில் ரிங்க் வாசலில் புதுப் பெயர்ப் பலகை மாட்டினார்கள். ரிப்பன் வெட்ட டக்கர், பக்கத்தில் மேயர், கிரென்ஷா, நீல்ஸும் அவன் கூட்டாளிகளும். படம் எடுக்க ஆள் தேடினார்கள். மேயர் தன் செல்போனை அருகில் நின்ற உயரமான மனிதனிடம் நீட்டினார். "தம்பி, ஒண்ணு எடுத்துக் குடுப்பா." கர்ட்டிஸ் வாங்கி, வெயில் பார்த்து, எல்லோரையும் கொஞ்சம் இடப்பக்கம் நகரச் சொல்லி, "இன்னும் ஒண்ணு, நீல்ஸ் கண்ண மூடிட்டான்" என்று பொறுமையாக எடுத்துக் கொடுத்தான்.

மாலை உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். முதல் பக்கத்தில் போடப் போகிறார்களாம், படம் எடுத்தவர் பெயர் வேண்டும் என்றாள். சொன்னேன். "உங்க ஆபீஸ் போட்டோகிராபரா மேடம்?" என்று கேட்டாள். "எங்க கேப்டன்" என்றேன். "எதுக்குக் கேப்டன்?" என்றாள்.

மறுநாள் முதல் பக்கத்தில், படத்துக்குக் கீழே, கண்ணை இடுக்கிப் பார்த்தால் தெரியும் எழுத்தில்: படம், கர்ட்டிஸ் சோல்பெர்க். நீல்ஸ் அதை வெட்டிக் கொண்டுபோய் உடை மாற்றும் அறைச் சுவரில் ஒட்டிவிட்டான். பையன்கள் கூடி ஆராய்ந்தார்கள். பத்திரிகையில் பெயர், அதுவும் தனியாக. ஃபின்லாந்துக்காரன் தீர்ப்பைப் படித்தான். சட்டம் கேப்டனுக்கும் சட்டம்தான்.

டல்லஸில் ஹோட்டல் வாசலில் பஸ் நின்றதும் கர்ட்டிஸ் தோளிலும் கையிலும் கழுத்திலும் பைகளோடு இறங்கினான். மற்றவர்கள் விசிலடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். பெரிய தொப்பி வைத்த ஒருவர் காரிலிருந்து இறங்கி, தன் பெட்டியையும் அவன் பக்கம் நகர்த்தினார். கர்ட்டிஸ் ஒரு விரலைக் காலி பண்ணி அதையும் எடுத்துக்கொண்டான். நான் ஓடினேன். இவன் யாரென்று அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் அந்த மனிதர் பையிலிருந்த எங்கள் ஊர்ப் பெயரைப் படித்துவிட்டார்.

"அட, நீங்க டக்கர் ஹோலிஸ் ஊரா?"

"ஆமா சார்" என்றான் கர்ட்டிஸ். பைகளுக்கு நடுவே அவன் முகம் மலர்ந்தது. "எங்க பக்கத்து வீடுதான்."

அவன் வாயிலிருந்து ஒருநாளும் வராத பெருமை அந்தக் குரலில் இருந்தது. நான் திறந்த வாயை மூடிக்கொண்டு, அவன் கையிலிருந்து ஒரு பையை வாங்கிக்கொண்டேன்.